கந்தல் என்று எதைச் சொல்வது?

பத்து ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஆங்கிலத் துணைப்பாடக் கதை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். கதையில் ஒரு சிறுவன் 'இன் ரேக்ஸ்' நிற்கிறான் என்று ஒரு தொடர் வந்தது. 'பேக்' என்ற சொல்லோடு எதுகை சேரும் 'ரேக்' அது. "கந்தல் கட்டிய பிச்சைக்காரப் பையன்" என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்தச் சிறுவன் பிச்சை எடுத்ததாகக் கதையில் எங்கும் இல்லை. அது என் வாயிலிருந்து வந்தது.

மறுநாள் முதல் வகுப்பில் ஒரு மாணவனுக்குக் 'கந்தல்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. தோள்பட்டையில் பிரிந்த சட்டையை வேறு நிற நூலால் தைத்துப் போட்டுக்கொண்டு வருபவன் அவன். இரண்டு நாள் அவன் வராமல் இருந்தபிறகுதான் எனக்குச் செய்தி தெரிந்தது. அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்து, "தினமும் துவைச்சு, தைச்சுத்தான் டீச்சர் போட்டு அனுப்புறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நாம் வகுப்பில் சொல்லும் பழமொழியை வீட்டில் நடத்திக்காட்டியவர் அவர். அதே கந்தையை அவர் மகனுக்கு வசையாக்கிக் கொடுத்தவள் நான்.

அதன்பிறகுதான் இந்த ஒரு சொல்லை அகராதிகளில் தேட ஆரம்பித்தேன். ஆங்கிலம் தவிர வேறு ஐரோப்பிய மொழி எனக்குப் பேச வராது. ஆனாலும் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிய அகராதிகளைப் புரட்டிப் பார்ப்பதற்கு அது தடையில்லை. கிழிந்த துணிக்கு ஒவ்வொரு மொழியிலும் பல சொற்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு நேர் மற்றொன்று என்று எளிதில் அமைவதில்லை. அந்தத் துணி இப்போது எங்கே இருக்கிறது, அதற்கு என்ன வேலை, யார் அதைச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. நான் கண்டவற்றில் வகுப்பறைக்கு உதவக்கூடியவற்றை இங்கே பகிர்கிறேன்.

ஆங்கிலம்: சடையிலிருந்து வந்த சொல்

'ரேக்' என்ற சொல் ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலச்சொல்லுக்குச் சடை, மயிர்க்கற்றை என்று பொருள். ஓரம் பிரிந்து நூல் தொங்கும் துணி, சடை விழுந்த ஆட்டு ரோமம் போலத் தெரிகிறதல்லவா? அந்தப் பார்வையில் பிறந்த சொல் இது. பிரெஞ்சு மொழியின் 'லோக்' என்ற சொல்லும் இப்படியே. கந்தல் என்று பொருள்படும் அச்சொல், மயிர்க்கற்றையைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு மொழிகள் தனித்தனியே ஒரே உவமையைக் கண்டுபிடித்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் 'ரேக்' இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒருவர் உடலில் இருந்தால் அது கந்தல் உடை. மேசை துடைக்கக் கையில் இருந்தால் அது வெறும் துடைக்கும் துணி. பின்னதில் இழிவு எதுவும் இல்லை. நம் வீட்டுக் கரித்துணியையும், கரும்பலகை துடைக்க நாம் மடித்து வைத்திருக்கும் துணியையும் யாராவது கந்தல் என்று சொல்வோமா? ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் இரண்டு தனிச் சொற்கள் வேண்டும். இது முதல் பாடம்.

'டேட்டர்ஸ்' என்ற சொல் கிழிந்த விதத்தைச் சொல்கிறது. நார் நாராகக் கிழிந்து தொங்குவது அது. 'ஷ்ரெட்' என்பது கிழித்தெடுத்த சிறு கீற்று. ஒருவருடைய நற்பெயர் டேட்டர்ஸ் ஆகிவிட்டது என்று ஆங்கிலச் செய்தித்தாள் எழுதும். அதைத் தமிழில் 'பெயர் நார் நாராகியது' என்று எழுதினால் படிப்பவர் விழிப்பார். நம்மிடம் மானம் கிழிவதைவிடக் கப்பலேறுவதுதான் வழக்கம். 'ரேக்ஸ் டு ரிச்சஸ்' என்பதற்கும் கந்தலைத் தேடிப் போகவேண்டாம். குடிசையிலிருந்து கோபுரத்துக்கு என்றால் போதும். அங்கே துணி வறுமைக்கு அடையாளம், இங்கே வீடு.

பிரெஞ்சு: சேலைக் கடையில் ஒரு கந்தல்

நம் வகுப்பு மாணவிகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். 'ஷிஃபான் சேலை' என்கிறோமே, அந்த ஷிஃபான் பிரெஞ்சுச் சொல். அதற்கு அந்த மொழியில் முதற்பொருள் பழந்துணி, துடைக்கும் துணி. அந்த மெல்லிய துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் பட்டு மஸ்லின் என்று பொருள்படும் வேறு பெயரால் அழைக்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியாக நம் கடைகளுக்கு வந்த ஷிஃபான், வரும் வழியில் தன் ஏழ்மையைக் கழற்றிவிட்டது. பிரெஞ்சிலும் 'ஷிஃபான் பேசுவது' என்றால் உடை, நாகரிகம் பற்றி அரட்டை அடிப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் விருந்துக்கு உடுத்தும் நல்ல உடையை 'கிளேட் ரேக்ஸ்' என்று விளையாட்டாகச் சொல்வதைப் போல.

அந்த ஷிஃபானைச் சேகரிப்பவர் 'ஷிஃபோனியே'. பாரிஸ் நகரத் தெருக்களில் இரவில் முதுகுக்கூடையோடு குப்பையைக் கிளறிப் பழந்துணி பொறுக்கிய தொழிலாளர் அவர். மாநகர நிர்வாகி எழேன் பூபெல், வீடுதோறும் குப்பையை மூடியுள்ள தொட்டியில் வைக்கவேண்டும் என்று 1883 இறுதியில் ஆணையிட்டார். பிழைப்பு போய்விடும் என்று ஷிஃபோனியேக்கள் எதிர்த்தார்கள். இன்று பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்குப் பெயரே 'பூபெல்'. அவர்கள் பொறுக்கியது ஒரு தொழிலின் கச்சாப்பொருள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். மரக்கூழ் பரவுவதற்கு முன் ஐரோப்பாவின் காகிதம் முக்கியமாக லினன், பருத்திப் பழந்துணிகளிலிருந்தே செய்யப்பட்டது. நாம் படித்த ஐரோப்பியச் செவ்விலக்கியங்கள் பலவும் முதலில் அச்சேறியது கந்தலிலிருந்து பிறந்த தாளில்தான்.

உடலில் இருக்கும் கந்தலுக்குப் பிரெஞ்சில் வேறு சொற்கள் உண்டு: 'ஆயோன்', 'கெனீய்'. இவை உடுத்தியவரின் வறுமையைச் சொல்கின்றன. கிழிந்து தொங்கும் கீற்றுக்கு 'லாம்போ'. அது துணிக்கும் வரும், காயம்பட்ட சதைக்கும் வரும். பாத்திரம் துடைக்கும் துணி 'தொர்ஷோன்'. அவர்களிடம் ஒரு மரபுத்தொடர் இருக்கிறது: தொர்ஷோனையும் சாப்பாட்டு மேசைத் துண்டையும் ஒன்றாகப் போடாதே என்று. சலவை பற்றிய அறிவுரை போலத் தோன்றும். உண்மையில் மேல்தட்டு, கீழ்த்தட்டு மனிதர்களைக் கலக்காதே என்று சொல்லும் பேச்சு அது. இதை மொழிபெயர்ப்பவர் துணியை மட்டும் மொழிபெயர்த்தால், உள்ளே இருக்கும் மனிதர்கள் மறைந்துவிடுவார்கள்.

ஜெர்மன்: துணியிலிருந்து ஆளுக்கு

துணிக்கு இட்ட பெயர் ஆளின்மேல் ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் என் வகுப்பில் கண்டேன். ஜெர்மன் மொழியில் அது அகராதியிலேயே பதிந்திருக்கிறது. 'லும்பன்' என்றால் கந்தல். அதன் குறுகிய வடிவம் 'லும்ப்'. முதலில் கந்தல் உடுத்தியவனைக் குறித்த அந்தச் சொல், பிறகு அயோக்கியன், போக்கிரி என்று ஆகிவிட்டது. ஏழையாக இருப்பதிலிருந்து கெட்டவனாக ஆவதற்கு அந்தச் சொல்லுக்கு ஒரு படிதான் தேவைப்பட்டது.

1840களில் மார்க்சும் எங்கெல்சும் 'லும்பன் புரோலிட்டேரியட்' என்ற சொல்லைக் கையாண்டார்கள். நிலையான தொழில் இல்லாமல் சமூகத்தின் ஓரத்தில் கிடப்போரைக் குறித்தது அது. இதிலுள்ள லும்பன் கந்தலா, போக்கிரியா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. 1888இல் வந்த கம்யூனிஸ்ட் அறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பு, துணியை முழுவதும் விட்டுவிட்டு 'ஆபத்தான வகுப்பு' என்று பொருள்படும் தொடரைப் போட்டது. தமிழில் 'உதிரிப் பாட்டாளிகள்' என்று எழுதுகிறோம். நல்ல தேர்வு என்பது என் கருத்து. கந்தலும் இல்லை, வசையும் இல்லை. கோக்கப்படாமல் சிதறிக் கிடக்கும் நிலையை மட்டும் 'உதிரி' சொல்லிவிடுகிறது. அதே சமயம் 'லும்பன்' என்று அப்படியே எழுதும்போது, நாம் அறியாமலே அந்த வசையும் கூட வந்துவிடுகிறது.

வேலை செய்யும் துணிக்கு ஜெர்மனில் 'லாப்பென்'. துடைக்க, மெழுக, கழுவ என்று முன்னொட்டுச் சேர்த்து எத்தனையோ லாப்பென்கள். முகம் கழுவும் லாப்பென் என்று ஒருவரைச் சொன்னால் முதுகெலும்பில்லாதவர் என்று பொருள். ரஷ்ய மொழியிலும் துடைக்கும் துணிக்கான 'திரியாப்கா' என்ற சொல் மனவுறுதியற்றவரைக் குறிக்கும். பிரெஞ்சில் ஒருவரை 'லோக்' என்றால் அவர் நொந்து நைந்துபோனவர். அங்கே இரக்கம் உண்டு, ரஷ்யச் சொல்லில் ஏளனம் உண்டு. மூன்றையும் 'கந்தல்' என்று பெயர்த்தால் மூன்றும் தவறு.

ஒரு வேர், இரண்டு வாழ்க்கை

பிற்கால இலத்தீனில் துணியைக் குறித்த ஒரு சொல், பிரெஞ்சில் 'த்ரா' ஆனது. அது நல்ல கம்பளித் துணி, படுக்கை விரிப்பு. துணி வணிகர் 'த்ராப்பியே'; ஆங்கிலத்தில் 'டிரேப்பர்'. அதே வேர் ஸ்பானிய மொழியில் 'த்ராப்போ' ஆனது. அங்கே அதற்குப் பழந்துணி என்று பொருள். 'த்ராப்பேரோ' பழந்துணி வாங்குபவர். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவர் ஜவுளிக்கடை முதலாளி, மற்றவர் மூட்டை சுமப்பவர். இன்னும் ஒன்று. பிரெஞ்சில் அந்த வேருக்குச் சிறுமை விகுதி சேர்த்துப் பிறந்த சொல் 'த்ரப்போ'. அதற்கு இன்றைய பொருள் கொடி, தேசியக்கொடி. தமிழ் எழுத்தில் பார்த்தால் கொடிக்கும் கந்தலுக்கும் இடையே ஒரு கால்தான் வேறுபாடு! ஒலி ஒத்திருக்கிறது, வேர் ஒத்திருக்கிறது என்று நம்பி மொழிபெயர்ப்பவருக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது.

இத்தாலியில் 'ஸ்ட்ராச்சோ' என்றால் கந்தல். கிழிப்பது என்ற வினையோடு சேர்ந்த சொல். ஐஸ்கிரீம் கடையில் 'ஸ்ட்ராச்சாதெல்லா' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். சாக்லேட் சிறு சிறு கிழிசல்களாகக் கலந்திருப்பதால் அந்தப் பெயர். 1961இல் பெர்காமோ நகரில் உருவானது. முட்டையைக் கீற்றுகளாகப் பிரியவிடும் ஒரு சூப்புக்கு முன்பே அந்தப் பெயர் இருந்தது. எனவே கந்தல் சொல் எல்லா இடத்திலும் துயரச் சொல் அல்ல. சில இடங்களில் அது இனிப்பாகவும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு எதிரான பயணம் ஒன்று உண்டு. யார்க்ஷயரின் பேட்லி நகரில் பெஞ்சமின் லா என்பவர் 1813 வாக்கில் கம்பளிக் கந்தல்களைப் பிய்த்து மீண்டும் நூற்கும் முறையைக் கண்டார். அந்தத் துணிக்குப் பெயர் 'ஷாடி'. இன்றைய மறுசுழற்சிக்கு முன்னோடியான அந்த நேர்மையான தொழிற்சொல், இப்போது மட்டமான, ஏனோதானோவென்ற என்ற பொருளில் வழங்குகிறது. மாணவரின் வேலையை 'ஷாடி ஒர்க்' என்று நாம் திருத்தும்போது, அதற்குள் ஒரு நெசவு ஊரின் உழைப்பு இருப்பது நினைவுக்கு வருவதில்லை.

1914: ஒரு துண்டுக் காகிதம்

இந்தச் சொற்களுக்காக நாடுகளே சினந்த சந்தர்ப்பமும் உண்டு. 1839இல் ஐரோப்பிய வல்லரசுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு உறுதி கொடுத்தது. 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் தூதர் கோஷன், ஜெர்மன் தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக்கைச் சந்தித்தார். ஒரு துண்டுக் காகிதத்துக்காகவா போர் என்று அவர் கேட்டதாகக் கோஷன் தம் நாட்டுக்கு எழுதினார். ஆங்கிலத்தில் 'ஸ்கிரேப் ஆஃப் பேப்பர்'. பிரிட்டனில் படைக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டிகளில் இது முழக்கமானது.

பிரெஞ்சில் இந்தத் தொடர் 'ஷிஃபான் காகிதம்' ஆனது. ஜெர்மனில் 'ஃபெட்சன்', அதாவது கிழித்தெறிந்த கீற்று. ஆங்கிலத்தில் மிச்சத் துண்டாக இருந்தது, பிரெஞ்சில் கசங்கிய பழந்துணியாகவும், ஜெர்மனில் கிழிசலாகவும் ஆகிவிட்டது. உடன்படிக்கைக்கு நேர்ந்த அவமதிப்பு மூன்று மொழிகளிலும் மூன்று அளவில் ஒலிக்கிறது. வரலாற்றுப் பாடம் நடத்தும் நாம் இதைக் 'கந்தல் காகிதம்' என்று சொன்னால் கூடிப்போகும். 'காகிதம்' என்று மட்டும் சொன்னால் குறைந்துபோகும். 'வெறும் துண்டுக் காகிதம்' என்பதில் உள்ள 'வெறும்' என்ற சொல்லே நமக்கு அந்த இகழ்ச்சியைத் தருகிறது.

'ரேகட்' பள்ளிகள்

ஆசிரியர்களாகிய நமக்கு மிக நெருக்கமான சொல் இது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் ஜான் பவுண்ட்ஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, தம் பட்டறையிலேயே ஏழைக் குழந்தைகளைச் சேர்த்துவைத்துப் படிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுத்தார். 1839இல் அவர் இறந்தார். அவரை முன்மாதிரியாகக் கொண்டு, கட்டணம் இல்லாத பள்ளிகள் பல ஊர்களில் தோன்றின. 1844இல் லண்டனில் அவை ஒரு சங்கமாக இணைந்தன. அவற்றின் பெயர் 'ரேகட் ஸ்கூல்'. 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் அப்படி ஒரு பள்ளியைச் சென்று பார்த்தார். 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்துக்குப் பின் பொதுப் பள்ளிகள் வளர, இவை மெல்லக் குறைந்தன.

இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கந்தல் பள்ளி' என்றால் கட்டடம்தான் கந்தல் என்று தோன்றும். 'ஏழையர் பள்ளி' என்றால், வேறு பள்ளிகளில் சேர்க்க முடியாத அளவுக்கு உடை கிழிந்திருந்த குழந்தைகள் என்ற கூர்மை போய்விடும். ஜெர்மன்காரர் லும்பன் என்று எழுதினால் போக்கிரி வாடை அடிக்கும். 'கிழிந்த உடைச் சிறுவர்களுக்கான இலவசப் பள்ளி' என்பது நீளம்தான். ஆனால் அதில் கிழிந்திருப்பது உடை மட்டுமே. குழந்தை முழுதாக இருக்கிறது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். வாசலில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து நுழைந்த குழந்தை என்ன நினைத்திருக்கும் என்ற கேள்வியை மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்லெண்ணத்தில் வைத்த பெயரும் சுடும் என்று அவர்களே சொல்வார்கள்.

வகுப்பறையில் செய்து பார்த்தது

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய ஒரு சிறு கதையை ஆங்கில வழியாகத் தமிழுக்குக் கொண்டுவர முயன்றோம். செருப்புத் தைப்பவருக்கும் துணி வெளுக்கும் பெண்ணுக்கும் மகனாகப் பிறந்தவர் ஆண்டர்சன். 1860களின் இறுதியில் வெளியான அந்தக் கதையின் டேனிஷ் பெயர் 'லாசர்னே', ஆங்கிலத்தில் 'தி ரேக்ஸ்'. ஒரு காகித ஆலைக்கு வெளியே மலைபோல் பழந்துணி குவிந்திருக்கிறது. ஒரு நார்வே துணியும் ஒரு டென்மார்க் துணியும் அருகருகே கிடந்து, தத்தம் நாட்டைப் பற்றிப் பெருமை பேசிச் சண்டையிடுகின்றன. பிறகு இரண்டும் காகிதமாகின்றன. நார்வே துணியிலிருந்து வந்த தாளில் ஒரு நார்வே இளைஞன் டென்மார்க் பெண்ணுக்குக் காதல் கடிதம் எழுதுகிறான். டென்மார்க் துணியிலிருந்து வந்த தாளில் நார்வேயைப் புகழ்ந்து ஒரு கவிதை எழுதப்படுகிறது.

தலைப்புக்கு என்ன சொல் வைப்பது என்று குழுக்களாகப் பிரித்துக் கேட்டேன். கந்தல், கந்தை, கிழிசல், கரித்துணி, ஒட்டுத்துணி என்று பலகை நிறைந்தது. தந்தை இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் மாணவன், "எங்க கடையில 'வேஸ்ட்'னு சொல்வோம் டீச்சர், பனியன் வேஸ்ட். கிலோ கணக்குல வாங்குவோம்" என்றான். கிட்டத்தட்ட ஜெர்மன்காரரின் லாப்பென் அது. தையல்காரரின் மகள், "வெட்டுனதுல மிஞ்சுற துண்டு கந்தல் இல்ல டீச்சர், அது புதுத்துணி" என்றாள். அகராதி தராத வேறுபாடு அது.

கடைசியில் ஒரு மாணவி கேட்டாள்: "இந்தத் துணிய யாராவது போட்டிருக்காங்களா டீச்சர்?" யாரும் போட்டிருக்கவில்லை, ஆலை வாசலில் கிடக்கிறது. "அப்போ கந்தல் இல்ல, பழந்துணி" என்றாள். பெருமை பேசும் கந்தல் என்பதில் உள்ள நகைச்சுவை போய்விடும் என்று மற்றொரு குழு வாதாடியது. அதுவும் நியாயம்தான். வாக்கெடுப்பில் 'இரண்டு பழந்துணிகள்' வென்றது. கதையின் உள்ளே சண்டை வரும் இடத்தில், ஒன்றையொன்று வையும்போது மட்டும் 'கந்தல்' என்று வைத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு எனக்குத் தோன்றியிருக்காது.

இதைத் தொடக்க வகுப்புகளிலும் செய்யலாம். வீட்டில் பழைய துணிக்கு என்னென்ன பெயர், எது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டு வரச்சொல்லுங்கள். யார் வீட்டுத் துணியையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சொல்லை மட்டும் கொண்டுவந்தால் போதும். உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலப் பாடத்தில் ஒரு சொல்லை எடுத்து, அது உடலில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா, குவியலில் இருக்கிறதா, சொல்பவர் இரங்குகிறாரா, இகழ்கிறாரா என்று பேசவிட்டுப் பிறகு தமிழ்ச்சொல்லைத் தேடச் செய்யலாம். பதினைந்து நிமிடம் போதும்.

அந்தப் பழைய துணைப்பாடக் கதையை அதன்பின் சில முறை நடத்திவிட்டேன். இப்போதெல்லாம் 'இன் ரேக்ஸ்' வரும்போது, "அவன் போட்டிருந்த சட்டை கிழிந்திருந்தது" என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் இருப்பதும் அவ்வளவுதான்.